பாசறையின் இரண்டாம் நாள் மத்தியானம்

மகளின் சாரணியர் பாசறைக்கான சம்மதப் படிவத்தை யூன் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு காலையில் நிரப்பினேன். மொத்தம் பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி இப்படி இருந்தது: "உணவு: சைவம் / அசைவம் (பொருத்தமற்றதை வெட்டிவிடவும்)." அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு "சைவம்" என்ற சொல்லை வெட்டினேன். மகள் மீன் சாப்பிடுகிறவள். விளைமீன் குழம்பு என்றால் இன்னொரு அகப்பை சோறு கேட்பாள். கேட்ட கேள்விக்கு அதுவே சரியான பதில். அதில் எனக்கு அன்றைக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

என் கவனமெல்லாம் பதினோராவது கேள்வியில் இருந்தது. "பிள்ளைக்கு நோய் ஏதும் உண்டா?" என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். இரண்டு வரி போதாது என்று தனித்தாள் இணைத்தேன். மகளுக்கு ஒன்பது வயதில் சீனி வருத்தம் வந்தது. எங்களைப் போன்ற வயதுக்காரருக்கு வருகிற வகை அல்ல. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. நாளுக்கு நான்கு தரம் ஊசி. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போடவேண்டும். போட்டால் அரை மணித்தியாலத்தில் சாப்பிட்டே ஆகவேண்டும். சாப்பிடாவிட்டால் சீனி இறங்கும். முதலில் வியர்க்கும், கை நடுங்கும். பிறகு கதை குழறும். பிறகு நினைவு தவறும். இதையெல்லாம் எண்ணிட்டு, நேரங்களைச் சிவப்பு மையில் எழுதி, கடைசியாக ஒரு குறிப்பும் சேர்த்தேன்: "சாப்பிட்டு முடித்தபின் சோற்றுக் கோப்பை வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கவும்."

முந்திய வருடமும் அவள் சாரணியர் பாசறைக்குக் கேட்டிருந்தாள். அப்போதிருந்த பொறுப்பாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன்னால் பொறுப்பெடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டார். பிழை சொல்ல முடியாது. மற்றப் பிள்ளைகள் கூடாரக் கட்டைகளோடு பஸ் ஏறியபோது மகள் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. உள்ளே வந்து சாரணியர் உடுப்பை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அந்த வருடம் முழுக்க அதை எடுக்கவில்லை.

இந்த வருடம் வந்தவர் இளம் ஆசிரியை. ஊசி போடுவதைத் தான் பக்கத்தில் இருந்து பார்ப்பதாகச் சொன்னார். பள்ளிக்கூட அதிபர்தான் நிபந்தனை வைத்தார். பாசறையில் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால் அந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பப்படுவாள். அதன்பின் எந்த வருடமும் அவளைப் பாசறைக்குச் சேர்க்கமாட்டார்கள். அந்தத் தாளில் நான் கையொப்பம் வைத்தேன். மகளும் கீழே தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு, "எனக்கு ஒண்டும் நடக்காது," என்று அதிபரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

பாசறை ஓகஸ்ற் விடுமுறையில் வந்தது. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் கடலோரமாக உள்ள ஒரு பள்ளிக்கூட வளவில் வெள்ளி காலை தொடங்கி ஞாயிறு பின்னேரம் வரை, இரண்டு இரவுகள். நான்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கலந்த அணிகளாக. சுன்னாகத்துக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பதினொரு கிலோமீற்றர். அவள் பிறந்தபின் எங்களை விட்டு ஓர் இரவும் வேறிடத்தில் படுத்ததில்லை.

வியாழன் பின்னேரம் பையை அடுக்கினோம். இடுப்பில் கட்டுகிற சின்னப் பையில் இன்சுலின், ஊசி, சீனி பார்க்கிற கருவி, நான்கு குளுக்கோஸ் வில்லைகள். எதை எங்கே வைத்தேன் என்று நான் எழுதிக்கொண்டிருக்க, அவள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தன் விருப்பப்படி திரும்ப வைத்தாள்.

"அப்பா, ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லு."

"நீங்கள் வரக்கூடாது."

"ஞாயிற்றுக்கிழமை கூட்டிவர வேண்டாமே?"

"அதுக்கு வாங்கோ. அதுக்கு முந்தி வரக்கூடாது. சும்மா அந்தப் பக்கம் அலுவலா வந்தனான் எண்டு கேற்றடியிலை வந்து நிக்கவும் கூடாது. உங்கடை மோட்டார் சைக்கிள் சத்தம் எனக்குத் தெரியும்."

மனைவி சிரித்தாள். "நல்லாச் சொல்லு பிள்ளை. உவர் அந்தப் பள்ளிக்கூட மதிலிலை ஏறி நிண்டு பாக்கக்கூடிய ஆள்."

வரமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லாமல் போனது. பாசறையில் ஆசிரியைகளின் கைத்தொலைபேசிகளும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் மட்டும் போடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மாலை ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். மூன்று நேரத்து அளவுகளையும் வாசித்தார். எழுதிக்கொண்டேன். சனி காலை ஆறு ஐந்துக்கு எடுத்தார். இரவு நன்றாகத் தூங்கியிருக்கிறாள். காலை அளவு நூற்றிப் பதினெட்டு.

சனிக்கிழமை காலை பதினொன்றரை தாண்டி, சாப்பாட்டு மேசையில் இருந்து அந்த அளவுகளைப் பெரிய கொப்பியில் பதிந்துகொண்டிருந்தேன். வழியனுப்பிய அன்று பெற்றோருக்குக் கொடுத்த நிகழ்ச்சிநிரல் கொப்பிக்குள் மடித்து இருந்தது. நேரங்களைச் சரிபார்க்க அதை விரித்தேன். சனிக்கிழமை மதியம், பன்னிரண்டு முப்பது: சோறு, மீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்.

மனைவி குசினி வாசலில் இருந்து முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறி அன்றைக்குப் பதினான்காம் நாள். கொடி ஏறினால் தீர்த்தத் திருவிழா முடியும் வரை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மீன் சமைக்கிற சட்டியைக் கழுவி, கோடிப்புறத்தில் கவிழ்த்து வைத்துவிடுவோம். எங்கள் பக்கத்தில் அநேகமான வீடுகளில் அப்படித்தான்.

"உம்மடை மகளுக்கு இண்டைக்கு யோகம்," என்றேன். "நாங்கள் முருங்கைக்காய். அவ மீன் குழம்பு."

மனைவி கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன குழம்பு?"

"மீன். உதிலை போட்டிருக்கு."

"அவ சைவமெண்டெல்லோ குடுத்திருப்பியள்?"

"ஏன்? மீன் சாப்பிடுற பிள்ளைதானே. அசைவம் எண்டுதான் குடுத்தனான்."

"இஞ்சருங்கோ, அவ தொடமாட்டா."

"கொடி எண்டபடியாலே? வெளியிலை போன இடத்திலை..."

"கொடி இல்லையப்பா. நேர்த்தி. கொடியேத்தத்தண்டு கோயில் வாசல்லை நிண்டு வைச்சவ. என்னைப் பாசறைக்கு விட்டால் தீர்த்தம் மட்டும் மச்சம் தொடமாட்டன் எண்டு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? நான் சிரிச்சனான். வீட்டிலை ஆரும் சமைக்காத சாமானைச் சாப்பிடமாட்டன் எண்டு நேர்த்தி வைக்கிறா கெட்டிக்காரி எண்டு. அது பகிடியாப் போச்சு. இப்பிடி வருமெண்டு ஆர் கண்டது?"

மீனைத் தொடாமல் மற்றதைச் சாப்பிடுவாள்தானே என்று நான் சொல்லவந்தேன். சொல்லும் முன்பே விளங்கிவிட்டது. பாசறையில் பெயர்ப் பட்டியல்படிதான் பரிமாறுவார்கள். சைவக்காரருக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. மற்ற வரிசையில் சோற்றைப் போட்டதும் அதன்மேல் குழம்பை ஊற்றி நீட்டுவார்கள். மீன் குழம்பு பட்ட சோற்றை அவள் வாயில் வைக்கமாட்டாள். அப்போது மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டு மணிக்கு ஊசி போடுவாள். என்ன கறி வருகிறது என்று தெரியாமலே போடுவாள்.

ஆசிரியையின் எண்ணுக்கு எடுத்தேன். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பாசறை நடக்கிற பள்ளிக்கூட அலுவலக எண்ணுக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. விடுமுறைக் காலத்தில் அங்கே யார் இருப்பார்கள்? திரும்ப ஆசிரியைக்கு. திரும்பக் கந்தோருக்கு. பதினொன்று ஐம்பதுக்குள் ஏழு தடவை எடுத்துவிட்டேன்.

"போங்கோ," என்றாள் மனைவி.

நான் எழுந்திருக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் நான் மேசையில்தான் இருந்தேன். போய் இறங்கினால் எல்லாப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். அதிபருக்குக் கதை போகும். ஒன்றுமே நடக்காமல் இருந்தாலும், பிள்ளையின் தகப்பன் பதறி ஓடிவந்தார் என்பதே போதும், அடுத்த வருடம் அவளை நிறுத்த. அவள் ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த மூன்று நாள். அவள் கெட்டிக்காரி, ஆசிரியையிடம் சொல்லிச் சைவச் சாப்பாடு கேட்டு வாங்கியிருப்பாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"கேட்டு வாங்குவாதானே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்கடை பிள்ளையே? வாயைத் துறந்து கேப்பாவே?"

சுவர்மணிக்கூடு பன்னிரண்டைத் தாண்டியது. ஊசி போட்டிருப்பாள். அதன்பிறகு இருக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆறுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மனைவி ஓடிவந்து என் சட்டைப் பைக்குள் ஒரு பிடி சீனியைக் கடதாசியில் சுற்றித் திணித்தாள்.

காங்கேசன்துறை வீதியில் ஆறு கிலோமீற்றர் தடையில்லாமல் போனேன். பிறகு ரயில் கடவை மூடிக் கிடந்தது. எனக்கு முன்னால் வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம், இரண்டு ஆட்டோ, ஒரு வான். கடவைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரயிலைக் காணவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணை?" என்று கேட்டேன்.

"வரும்."

"எப்ப?"

"வரேக்கை வரும் தம்பி. என்ன, கப்பலுக்கே போறியள்?"

ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு பதினேழுக்கு வந்து நின்றவன், இருபத்துநான்குக்குத்தான் கடந்தேன். இந்நேரம் வரிசையில் இருத்தியிருப்பார்கள். இந்நேரம் கோப்பையைக் கொடுத்திருப்பார்கள். கடவைக்கு அப்பால் வீதி திருத்த வேலை. கல் பரவிய ஒற்றைப் பாதையில் ஊர்ந்து போகவேண்டியிருந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பள்ளிக்கூடத்தை அடைந்தேன். சத்தம் கேட்கக்கூடாதென்று ஐம்பது யார் தூரம் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்தேன். வாசலில் கயிறும் தடியும் வைத்து ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். அதன் கீழே பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சாரணி விறைப்பாக நின்றாள்.

"அங்கிள், கடவுச்சொல்?"

"என்ன?"

"பாசறைக் கடவுச்சொல். அது சொன்னால்தான் விடலாம்."

"பிள்ளை, நான் ஒரு பிள்ளையின்ரை அப்பா. ரீச்சரை அவசரமாப் பாக்கவேணும்."

"பேரன்ற்ஸ் ஞாயிறு பின்னேரம்தான் அங்கிள்."

"மருந்து விசயம் பிள்ளை. கெதியாக் கூப்பிடு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தான் காவலை விட்டுப் போகக்கூடாது என்றாள். விசில் ஊதினாள். ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்தது. அதனிடம் செய்தி சொல்லி அனுப்பினாள். அந்தப் பிள்ளை திரும்பி ஓடியதைப் பார்த்தேன். வழியில் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டியது. கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். அங்கேயே நின்றேன்.

ஆசிரியை வரப் பன்னிரண்டு நாற்பத்தேழு ஆனது. என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"என்ன சேர், வீட்டிலை ஏதும்..."

"மகள் சாப்பிட்டவவே?"

"ஓம், வடிவாச் சாப்பிட்டா. பன்ரண்டுக்கு ஊசி போட்டவ, நான் பக்கத்திலை நிண்டனான். தொண்ணூத்தாறு இருந்தது. பன்ரண்டு முப்பதுக்குச் சாப்பாடு. நீங்கள் எழுதித் தந்தமாதிரி கோப்பையும் பாத்தனான். துடைச்ச மாதிரி வெறுங் கோப்பை."

"மீன் குழம்போ?"

"ஓம் சேர். நல்லா முடிச்சிருக்கிறா."

அந்தக் கணத்தில் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் பட்டது. சாப்பிட்டுவிட்டாள். நேர்த்தியை விட்டாளோ என்னவோ, சாப்பிட்டுவிட்டாள். ஆனால் அவளை எனக்குத் தெரியும். ஒருதரம் சொன்னதை மாற்றுகிற பிள்ளை அல்ல.

"ரீச்சர், அவ இந்த மாதம் மச்சம் சாப்பிடமாட்டா. நேர்த்தி. எனக்கே இண்டைக்குத்தான் தெரியும். நான்தான் படிவத்திலை பிழையா வெட்டினனான்."

ஆசிரியை திரும்பி நடந்தார், பிறகு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

அவளுடைய அணி கிணற்றடியில் சோற்றுக் கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தது. மகள் அங்கே இல்லை. கூடாரத்திலும் இல்லை. எட்டுப் பேர் இருக்கவேண்டிய அணியில் ஆறு பேர்தான் இருந்தார்கள். "ரெண்டு பேரும் கடற்கரை வகுப்புப் பக்கம் போனவை," என்று ஒரு பிள்ளை கைகாட்டியது. வகுப்பறைக் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனோம்.

சுவரோடு சாய்ந்து மகள் இருந்தாள். சாரணியர் உடுப்பின் முதுகும் கழுத்தும் நனைந்திருந்தன. உதடு வெளுத்திருந்தது. மடியில் நான்கு குளுக்கோஸ் வில்லைகளின் வெற்று உறைகள். பக்கத்தில் அவள் வயதில் இன்னொரு பிள்ளை, குருநகர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், ஒரு தகர மூடியால் மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை.

நான் போய்க் குந்தினேன். மகளின் கையைப் பிடித்தேன். நடுங்கியது.

"கருவி எங்கை? பாக்கவேணும்."

"பாத்திட்டன்." குரல் மெதுவாக வந்தது, ஆனால் குழறவில்லை. "பன்ரண்டு ஐம்பதுக்குப் பாத்தனான். அறுபத்தொண்டு. நாலு வில்லையும் சாப்பிட்டிட்டன்."

"இப்ப பாப்பம்."

"பதினைஞ்சு நிமிசம் ஆகேல்லை அப்பா. ஒண்டு அஞ்சுக்குத்தான் பாக்கலாம்."

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. அந்த விதியை அவளுக்குப் படிப்பித்தவன் நான். அவளும் நானும் ஆசிரியையும் அந்தப் பிள்ளையும் சுவரோரமாக இருந்தோம். ஆசிரியையின் கையில் வாகனம் பிடிக்கத் தொலைபேசி தயாராக இருந்தது. அதை இயக்க மூன்று தரம் அழுத்தினார். மகள் கண்ணை மூடினாள். மூடினால் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "நித்திரை இல்லை, வெயில் கூசுது," என்றாள். பைக்குள் மனைவி தந்த சீனிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கதை குழறினால் உடனே வாயில் போடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் அவளைக் கதைக்க வைத்தேன்.

"உன்ரை சோத்தை ஆர் சாப்பிட்டது?"

மற்றவள் சொன்னாள்.

"நான்தான் அங்கிள். உவ மீனைக் கண்டு பேயைக் கண்ட மாதிரி முழிச்சவ. ஏனடி எண்டு கேட்டன். நேர்த்தி எண்டா. ரீச்சர் கோப்பையைப் பாக்கிறா, மிச்சம் வைக்கேலாது எண்டா. அப்ப நான் ரெண்டு கோப்பையும் சாப்பிட்டனான். இப்ப வயிறு வெடிக்குது."

"பிள்ளை, அது எவ்வளவு..." என்று தொடங்கினேன்.

"எனக்கு ஊசி விசயம் தெரியாது அங்கிள். உவ சொல்லேல்லை. பேந்து வேர்க்கத் தொடங்கினாப்போலைதான் சொன்னவ. குசினியிலை போய்ச் சீனி கேப்பம் எண்டன். வேண்டாம், ரீச்சருக்குத் தெரிஞ்சிடும் எண்டு கையைப் பிடிச்சு இருத்திப்போட்டா. நேர்த்தி எண்டா நேர்த்திதானே. எங்கடை வீட்டிலையும் ஈஸ்ரருக்கு முந்தித் தபசு காலத்திலை உப்பிடித்தான். அப்பா பிடிச்ச மீனையே அப்பா தின்னமாட்டார்."

ஆசிரியை மகளின் முன்னால் முழங்காலில் இருந்தார். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை? நான் சைவச் சாப்பாடு எடுத்துத் தந்திருப்பனே."

"ஏதும் பிரச்சினை எண்டால் வீட்டை அனுப்புவம் எண்டவை." மகள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "நானும் கையெழுத்து வைச்சனான்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று இரண்டு. ஒன்று மூன்று. எங்கோ பிள்ளைகள் கிடாரத்தைக் கவிழ்க்கும் சத்தம். ஒன்று ஐந்துக்கு மகளே கருவியை எடுத்தாள். விரல் நடுக்கத்தில் முதல் சோதனைக் கீலம் விழுந்துவிட்டது. நான் கை நீட்டினேன், தரவில்லை. இரண்டாவது கீலத்தைச் செருகி, விரலில் குத்தி, இரத்தத்தைத் தொட்டாள். ஐந்து வினாடி.

எழுபத்திரண்டு.

ஏறுகிறது. ஆனால் உடம்பில் இன்சுலின் வேலை செய்துகொண்டிருந்தது, வயிற்றில் ஒன்றுமில்லை. சாப்பாடு போகாவிட்டால் திரும்ப இறங்கும். ஆசிரியை குசினிக்கு ஓடினார். சைவப் பானை தலைக்கணக்குக்குச் சமைத்தது, வழித்துத் துடைத்தாயிற்று. மிச்சமிருந்த சோற்றில் மீன் அகப்பை பட்டிருந்தது. கடைசியில் காலைச் சாப்பாட்டில் மீந்த அரை றாத்தல் பாணும் இரண்டு கதலி வாழைப்பழமும் சீனி போட்ட தேத்தண்ணியும் கொண்டுவந்தார். மகள் அவ்வளவையும் எங்கள் முன்னால் இருந்து சாப்பிட்டாள். ஒன்று முப்பத்தைந்துக்குத் திரும்பப் பார்த்தாள். நூற்றி இருபத்தொன்று. முகத்தில் நிறம் வந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆசிரியை என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"சேர், நான் அதிபருக்குச் சொல்லத்தான் வேணும்."

"சொல்லுங்கோ."

"நிபந்தனைப்படி பிள்ளையை இப்பவே நீங்கள் கூட்டிக்கொண்டு போகவேணும்." அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். "நான் வெறுங் கோப்பையைப் பாத்து நம்பிப்போட்டன்."

"அதைப் பாக்கச் சொல்லி எழுதினவன் நான். பிள்ளை சாப்பிடுறதைப் பாக்கச் சொல்லி நான் எழுதேல்லை."

கூட்டிக்கொண்டு போவதுதான் இலகுவான வேலை. பின்னால் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டால் இரவு நான் தூங்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு ஊசி இருக்கிறது. படுக்கைக்கு முன் இன்னொன்று. கடலோரம், கூடாரம், நாற்பது பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆசிரியை. சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை, கெஞ்சவில்லை. இடுப்புப் பையை மூடி, வெற்று உறைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். போவதற்கு ஆயத்தமாகிறாள் என்று எனக்கு விளங்கியது.

சொன்னால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றுதான் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயத்தைத் தாளில் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது கூட்டிக்கொண்டு போனால், இனி எந்த இடத்திலும் யாரிடமும் சொல்லமாட்டாள்.

"இருக்கட்டும் ரீச்சர்," என்றேன். "உங்களுக்கு ஏலுமெண்டால்."

"அதிபரோடை நான் கதைக்கிறன்," என்றார். "ஆனா நீங்கள் எனக்கு எழுதித் தாங்கோ."

பாசறைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்குச் சைவச் சாப்பாடு. உணவைக் கண்ணால் கண்டபின்பே ஊசி. பிள்ளை தானாக வந்து எதைச் சொன்னாலும் அதற்காக வீட்டுக்கு அனுப்பவேண்டாம். சொல்லாமல் விட்டால் மட்டும் என்னைக் கூப்பிடவும். என் பெயர், கையொப்பம், நேரம் ஒன்று ஐம்பத்திரண்டு. ஆசிரியையும் கீழே கையொப்பம் வைத்தார். அதிபர் எங்கள் இருவரையும் என்ன செய்வார் என்று எங்களுக்குத் தெரியாது. பதிவேட்டை மகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"சரியோ?" என்றேன்.

"ஓம்."

"ஏதும் எண்டால் ரீச்சரிட்டைச் சொல்லுவியோ?"

"ஓம் எண்டு சொன்னனானெல்லே."

அவள் எழுந்தாள். நான் தோளைத் தொடப்போனேன். விலகினாள்.

"எல்லாரும் உங்களைப் பாத்திட்டினம் அப்பா. கேற்றடியிலை நிண்டதை முழு அணியும் பாத்தது."

"வராட்டி என்ன நடந்திருக்கும் தெரியுமோ?"

"தெரியும்." இடுப்புப் பையின் வாரை இறுக்கினாள். "எண்டாலும் வரமாட்டன் எண்டு சத்தியம் செய்தனீங்கள்."

மற்றவள் பின்னாலிருந்து, "உப்பிடி ஒரு அப்பா எனக்கு இருந்தால் நான் வெக்கத்திலை கடல்லை பாய்ஞ்சிடுவன்," என்றாள். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அனுப்புங்கோ," என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள்.

மாலை ஆறு இரண்டுக்குத் தொலைபேசி அடித்தது. அளவு நூற்றி முப்பத்தொன்பது. இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதாக ஆசிரியை சொன்னார். பிள்ளையோடு கதைக்கலாமா என்று கேட்டேன். ஆசிரியை தொலைபேசியை விலக்கிக் கேட்பது கேட்டது. "அவ இரவுப் பாட்டு நிகழ்ச்சிக்கு ஆயத்தப்படுத்துறாவாம் சேர்," என்று திரும்பி வந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மனைவி தன் தம்பியின் ஆட்டோவில் போனாள். நான் வீட்டிலேயே நின்றேன்.